பி பதினாறும் என் அத்தையும்

ஸ்டீல் டிபன் கேரியர் ஒன்று மனித முகத்தில் மோதினால் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். திருவனந்தபுரத்துப் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் வராந்தாவில், மதியச் சாப்பாட்டு வேளையில் அதைக் கேட்டிருக்கிறேன். கணீரென்றெல்லாம் இருக்காது. உரிக்காத தேங்காயைத் தரையில் போட்டது போல ஒரு மொத்தல். அதற்குப் பிறகுதான் அடுக்குகள் பிரிந்து உருளும் சத்தம். ரசம் சுவரில் தெறித்தது. சோறு நாற்காலிகளுக்கு அடியில் சிதறியது. மாமாவின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி, வெள்ளைச் சட்டையின் பொத்தான் வரிசையோடு இறங்கியது. கதிர்வீச்சுக்காகக் காத்திருந்த பெண்களில் ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. அந்தச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு அவ்வளவு சட்டென்று எழுந்திருக்க வராது. காவலாளி ஓடிவந்து, யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார். அடித்தது என் அத்தை. அப்பாவின் தங்கை, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காரி, மெலிந்து கன்னம் ஒட்டிப்போனவள். அவள் கையில் கேரியரின் பிடி மட்டும் மிச்சமிருந்தது. "இன்னொரு வாட்டி கேளுடா" என்றாள். அதுவரை அவள் தன் புருஷனான மாமாவை அடித்திருக்கிறாள், கடித்திருக்கிறாள், ஒருமுறை வெந்நீர்கூட ஊற்றியிருக்கிறாள். 'டா' போட்டது அன்றுதான்.

மாமா கேட்டதும் சாதாரணக் கேள்வி இல்லை. வராந்தா முழுக்கக் கேட்கும்படி, "இத எவன்ட்டருந்து வாங்கினே?" என்று கேட்டார். அத்தையை நான் 'அவள்' என்று எழுதுவது நெருக்கத்தால். மாமாவை 'அவர்' என்று எழுதுவது அப்பா வளர்த்த வளர்ப்பால். அதை மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மருத்துவமனையின் ஆய்வகத்தில்தான் எனக்கு வேலை. சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களில் நானும் ஒருத்தி. மாமாவுக்குப் பஞ்சு எடுத்துக்கொடுத்தேன். கொடுக்கும்போது, மூக்கு உடைந்தே போயிருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அத்தையின் கோபம் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். திருவனந்தபுரத்திலிருந்து விதுரை தாண்டி மலை ஏறினால் வரும் தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில்தான் தாத்தா காலத்திலிருந்து எங்கள் ஆட்கள் கொழுந்து பறித்தார்கள். அத்தை கல்யாணத்துக்கு நிற்கிற வயதில் ஒருநாள், எடைக் கொட்டகையில் வைத்துச் சூப்பர்வைசரைத் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியால் வெட்டிவிட்டாள். அவனுக்கு இரண்டு விரல் போனது. கொழுந்தை எடை போடுவதில் ஏமாற்றினான், அத்தைக்கு ரத்தம் கொதித்துவிட்டது என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை. குடும்பத்தை லயத்திலிருந்து, அந்தத் தோட்டக் குடியிருப்பிலிருந்து, இறக்கிவிட்டார்கள். அப்பா நகரத்துக்கு வந்து தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சப்ளையராகச் சேர்ந்தார். அத்தை கட்டட வேலைக்கு ஜல்லி சுமக்கப் போனாள். வீட்டில் விருந்து என்றால் அப்பா இந்தக் கதையை எடுத்துவிடுவார். "அரைக் கிலோ கொழுந்துக்கு ரெண்டு விரல். என் தங்கச்சி கடையில மீன் வாங்குனா மீன்காரன் எடை கூடத்தான் போடுவான்" என்பார். எல்லோரும் சிரிப்போம். அத்தையும் சிரிப்பாள். கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பாள்.

மாமா கொத்தனார். திருநெல்வேலிப் பக்கம். நகரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் முளைத்தபோது இருவருக்கும் ஓய்வில்லாத வேலை இருந்தது. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. பள்ளிக்கூட விடுமுறைக்கு நான் அங்கே போய்த் தங்குவேன். சுவரைச் சமமாக்குகிற மட்டப்பலகையால் மாமா அத்தையின் முதுகில் அடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அடி விழுகிற இடைவெளியில் அத்தை கையில் கிடைத்த தோசைச் சட்டுவத்தால் அவர் முழங்காலைப் பெயர்த்ததையும் பார்த்திருக்கிறேன். சந்தில் இதற்குப் பெயர் சண்டை. இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறார்களே, அப்புறம் நாம் என்ன கேட்பது என்று எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆனால் மாமா தொண்ணூறு கிலோ மனிதர். மறுநாள் அவர் வேலைக்குப் போவார். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவாள். சண்டை என்று சொல்லிவிட்டால் இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படாது.

அத்தையின் நோய் அவ்வளவு நாள் மறைந்திருந்ததற்கும் இதுவே காரணம். மாதவிலக்கு நின்றுபோன வயதில் அவளுக்கு மறுபடி ரத்தம் வர ஆரம்பித்தது. அதற்கு முந்தின நாள்தான் மாமா அவள் அடிவயிற்றில் மிதித்திருந்தார். மிதித்ததால் வருகிறது என்று அத்தை நினைத்தாள். கொஞ்சம் நின்று மறுபடி வந்தது. அப்போதும் ஏதோ ஒரு அடி சமீபத்தில் விழுந்திருந்தது. தினமும் அடி விழுகிற வீட்டில் எந்த ரத்தத்துக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும். சந்துப் பெண்களும், "அடிவயித்துல பட்டா அப்படித்தான், படுத்துக் கிட" என்று சொன்னார்கள். அவர்களும் பட்டவர்கள்தான், அனுபவம் பேசுகிறது. பக்கத்து கிளினிக்கில், சாரத்திலிருந்து வழுக்கி விழுந்தேன் என்று அத்தை சொல்ல, அவர்கள் ஊசி போட்டு அனுப்பினார்கள். எங்கள் வீட்டுக்கு ஒருநாள் வந்து படுத்தவள் எழுந்து போன பிறகு, பாயில் இருந்த கறையையும் அந்த வாடையையும் வைத்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த வாடை எனக்குத் தொழில்முறையில் பழக்கம். "மிதிச்ச காயம்டி, உள்ள ஆறும், வெறுதே பயப்படாத" என்று மருத்துவமனைக்கு ஆட்டோவில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். உள்ளே ஆறவில்லை. கட்டி கருப்பைவாயைத் தாண்டிப் பரவத் தொடங்கியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு நேரம் கடந்துவிட்டது, கதிர்வீச்சுதான் ஒரே வழி என்றார்கள்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டியிலிருந்து கிள்ளியெடுத்த சதையை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, குறிப்பிட்ட ஒரு புரதம் இருக்கிறதா என்று சாயம் ஏற்றிப் பார்ப்பது என் வேலை. புரதம் இருந்தால் அந்த இடம் பழுப்பாகும். கதிர்வீச்சுப் பிரிவின் டாக்டர் மேடம் அப்போது ஓர் ஆய்வு தொடங்கியிருந்தார். ஒரே மாதிரிக் கட்டி, ஒரே சிகிச்சை; ஆனால் ஒருத்தி பிழைக்கிறாள், ஒருத்தி போய்ச் சேர்கிறாள். யார் பிழைப்பார் என்று அந்தச் சதையைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பது ஆய்வின் கேள்வி. அதற்காக அவர் சாயம் ஏற்றச் சொன்ன புரதங்களில் ஒன்றுக்குப் பெயர் பி பதினாறு. செல் கண்டபடி பெருகாமல் இருக்க உடம்பு ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்குகிற வைரஸ் அந்தப் பூட்டின் கொண்டியைப் பெயர்த்துவிடும். விவரம் புரியாத செல் மேலும் மேலும் பூட்டுச் செய்துகொண்டே போகும். அந்த உதவாத பூட்டுகள்தான் பி பதினாறு. பழுப்பு அடர்த்தியாக இருந்தால், அந்தக் கட்டி கதிர்வீச்சுக்குப் பணிய வாய்ப்பு அதிகம். பழுப்பே ஏறாத சிலருக்குத்தான் கவலை கூடுதல். இது நிச்சயம் இல்லை, சாய்மானம் மட்டுமே. நிச்சயமாகத் தெரிந்திருந்தால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது. அத்தையும் ஆய்வில் சேரச் சம்மதித்தாள். அவள் சதைக்கு நான்தான் சாயம் ஏற்றினேன். அப்படி ஒரு பழுப்பை நான் அதற்கு முன் அதிகம் பார்த்ததில்லை. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு அழுதேன், சந்தோஷத்தில்.

டாக்டர் மேடத்துக்கும் சந்தோஷம்தான். மலையாளி, தமிழ் நோயாளிகளிடம் தமிழில் பேசியே தீருவார். அத்தையையும் மாமாவையும் சேர்த்து உட்காரவைத்து, "பேடிக்கவேண்டாம் கேட்டோ, உங்க கட்டி வைரஸ் கொண்டு வந்தது, ரேடியேஷனுக்கு நல்லவண்ணம் கேக்கும்" என்று தைரியம் சொன்னார். வைரஸ் எப்படி வரும் என்று மாமா கேட்டார். ஆண் பெண் சேர்க்கையில் வருவது, இந்த நோய் உள்ள பெண்கள் அநேகமாக எல்லோருக்கும் அதுதான் காரணம், கல்யாணமான எந்த வீட்டிலும் நுழையக்கூடியது, எத்தனையோ வருஷம் சத்தமில்லாமல் உள்ளே கிடக்கும், ஆணுக்கு வெளியே தெரியவே தெரியாது, யாரிடமிருந்து யாருக்கு என்று ஒருவராலும் சொல்ல முடியாது, இதில் யாருடைய குற்றமும் இல்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். மாமா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் காதில் விழுந்தது முதல் வரி மட்டும்தான் என்பது வராந்தாவுக்கு வந்த பிறகு தெரிந்தது. உயிர் பிழைக்க வாய்ப்பு உண்டு என்று சொன்ன அதே வாய்ச்சொல்லை எடுத்து அவர் அத்தையின் முகத்தில் அறைந்தார். அவள் கேரியரால் அறைந்தாள்.

அன்று சாயங்காலம் சந்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை, பக்கத்து வீட்டக்கா சொல்லித்தான் தெரியும். கதிர்வீச்சு வாங்கிச் சிவந்திருந்த அதே அடிவயிற்றில் மிதித்திருக்கிறார். தலைமுடியைப் பிடித்து வாசல்படிவரை இழுத்து வந்திருக்கிறார். அதோடு விட்டிருந்தால் அது வழக்கம். அன்று இன்னொன்றும் செய்தார். சந்து முனைக் குழாயடியில், ஆம்பளை பொம்பளை எல்லோரும் பார்க்க, வாளியில் தண்ணீர் பிடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். செத்த வீட்டுக்குப் போய்வந்தால் முழுகுவதுபோல, வேட்டி சட்டையோடு. "இவளைத் தலை முழுகியாச்சு. எனக்கு இவ செத்தவ" என்று மூன்று பக்கமும் திரும்பிச் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். அத்தை வாசலில் கிடந்தாள். பக்கத்து வீட்டக்காதான் எனக்குப் போன் பண்ணினாள். நான் ஆட்டோவோடு போனபோது மாமா திண்டில் உட்கார்ந்து, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். போலீசுக்குப் போகலாம் என்றேன். அத்தை கையைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல நான் சாவாம இருக்கணும், மத்தது பிறகு" என்றாள்.

மருத்துவமனைக்குப் பக்கத்தில் என் வாடகை அறையில்தான் அதற்குப் பிறகு இருந்தாள். வெளியிலிருந்து கொடுக்கிற கதிர்வீச்சை எல்லாம் வாங்கி முடித்தாள். வயிற்றுப்போக்கில் துவண்டாள், தோல் கருகி உரிந்தது, என்னைக் கண்டபடி திட்டினாள், சோற்றுத் தட்டை வீசினாள். அதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். அடுத்தது உள்கதிர்வீச்சு. கால்களை அகற்றி உயர்த்திக் கட்டி, உள்ளே குழாய் வைத்து, அதன் வழியாகக் கட்டிக்குப் பக்கத்திலேயே கதிர் கொடுப்பார்கள். இது இல்லாமல் முந்தின சிகிச்சை பாதிதான். வெளியே இருந்து கொடுத்ததில் சுருங்கிய கட்டி மறுபடி தலைதூக்கிவிடும். எவ்வளவு பழுப்பு ஏறியிருந்தாலும் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. முதல் தடவை மேசையில் படுக்கவைத்து, ஆண் டெக்னீஷியன் ஒருவர் காலைக் கட்ட வந்ததும், அத்தை அவர் நெஞ்சில் உதைத்தாள். அவர் கருவித் தட்டோடு பின்னால் விழுந்தார். இரண்டு நர்சுகள் பிடிக்க முயன்றார்கள். ஒருத்தியின் கையைக் கடித்து ரத்தம் வரவைத்துவிட்டாள். பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மதி, எனக்கு மதி, போதும், நான் செத்துக்கிடுதேன்" என்று கத்தியபடி வெளியே வந்தாள்.

அந்த அறைக்குள் இனி வரமாட்டேன் என்று அவள் சொன்னால் வரமாட்டாள். நான் கெஞ்சினேன், திட்டினேன், பேசாமல் இருந்து பார்த்தேன். கடைசியில் அவளை ஆய்வகத்துக்கு அழைத்துப்போனேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவளுடைய சதை இருந்த கண்ணாடித் துண்டை நுண்ணோக்கியில் வைத்து, பக்கத்துத் திரையில் காட்டினேன். இந்தப் பழுப்பைப் பார், இவ்வளவு பழுப்பு உள்ளவர்கள் பெரும்பாலும் பிழைத்திருக்கிறார்கள், இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்றேன். அத்தை திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். பிறகு, "ஏட்டி, இதுல எவன்னு தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது, யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்றேன். "மாமாவாவும் இருக்கலாம், இல்லியா?" என்றாள். இருக்கலாம், அவரே கொண்டுவந்திருக்கலாம் என்றேன். "இல்லேன்னா அந்த ரெண்டு விரலு இல்லாதவனா இருக்கும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளே சொன்னாள். எடையில் யாரும் ஏமாற்றவில்லை. எல்லோரும் போன பிறகு கொட்டகையில் இவளை மட்டும் நிறுத்தியிருக்கிறான். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறான். கொழுந்துச் சாக்கின்மேல் தள்ளி, ஒரு காலைக் கயிற்றால் தராசுக் காலோடு கட்டியிருக்கிறான். கத்தி கைக்கு எட்டியது எல்லாம் முடிந்த பிறகுதான். முன்பே எட்டியிருந்தால் வெட்டு விரலோடு நின்றிருக்காது என்றாள். கீழே வந்ததும் தாத்தா ஏன் வெட்டினாய் என்று கேட்டபோது எடை என்று சொல்லிவிட்டாள். அதுதான் அப்போது வாயில் வந்தது. அதன் பிறகு அந்தப் பொய்யை எல்லோரும் சிரித்துச் சிரித்து நிஜமாக்கிவிட்டோம். காலைக் கட்ட வந்த டெக்னீஷியன் நல்ல பையன், அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. திரையில் இருந்த பழுப்பின்மேல் விரலை வைத்து, "அவன் குடுத்ததோ இவன் குடுத்ததோ. அவனுக குடுத்ததுனாலதான் நான் பிழைப்பேன்னா, அதுக்கு நான் சந்தோஷப்படணுமா மக்களே?" என்று என்னைக் கேட்டாள். ஒரு புரதம் எதைத்தான் சொல்லும்? உயிர் தங்குமா என்று கொஞ்சம் சொல்லும். அந்த உயிர் எதையெல்லாம் தாண்டி வந்தது என்று அதற்குத் தெரியாது. அத்தனை வருஷம் சாயம் ஏற்றியதில் எனக்கு என் வேலைமேல் அன்றுதான் முதன்முறையாகக் கோபம் வந்தது.

டாக்டர் மேடத்திடம் நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை. அத்தை சொல்லச் சொன்னதை மட்டும் சொன்னேன்: அறையில் ஆண்கள் வேண்டாம், விழித்திருக்கும்போது காலைக் கட்ட வேண்டாம், மயக்கம் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். அவர் காரணம் கேட்கவில்லை. அப்படியே ஏற்பாடு செய்தார். மயங்குகிறவரை அத்தை என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்த தழும்பு ரொம்ப நாள் இருந்தது. இதற்கு நடுவில் அப்பா வேறு ஒரு சமாதானத்தோடு வந்தார். அவரிடம் அத்தை உண்மையைச் சொல்லியிருந்தாள். அவர் பாத்ரூமுக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்துவிட்டு வெளியே வந்தார். வந்தவர், "மாப்பிள்ளைட்டயும் இதச் சொல்லிருவோம் பிள்ளே. ஒன் மேல தப்பில்லன்னு தெரிஞ்சா ஏத்துக்கிடுவாரு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அத்தை படுத்த வாக்கிலேயே தலையணையை எடுத்து அவர்மேல் எறிந்தாள். "அவரு ஏத்துக்கிடுததுக்கா நான் பிழைச்சு வாரேன்?" என்றாள். அப்பா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. விருந்துகளில் அந்தக் கதையையும் சொல்வதில்லை.

கட்டி கரைந்தது. அத்தை தேறினாள். இப்போது கழக்கூட்டத்தில், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையல் பொறுப்பு அவளுக்கு. அந்தப் பெண்கள் சோற்றை மிச்சம் வைத்தால் தொலைந்தார்கள். சிகிச்சை முடிந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. போன மாதம் டாக்டர் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஆய்வின் முடிவுகளைத் தொகுத்துக்கொண்டிருந்தார். கணினியில் நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஒரு வரியைக் காட்டி, "இதெந்தா கதை? பி பதினாறு இத்ர நல்லா இருக்கு, கட்டியும் போயிட்டுண்டு, பட்சே ஆள் செத்துப்போயின்னு எழுதியிருக்கு. அதும் ரேடியேஷன் முடியறதுக்கு முன்னாலே. செத்துப்போன ஒருத்தி நம்மட மிஷின்ல வந்து கிடந்தாளா? உன் சாயம் மாறிப்போச்சா, இல்ல நம்பர் மாறிப்போச்சா?" என்றார். எண்ணைப் பார்த்தேன். அந்த எண் எனக்கு மறக்காது. அத்தையின் கண்ணாடித் துண்டில் என் கையால் எழுதியது. அன்று காலைதான் அவள் போனில், நெத்திலி வாங்கி வரச் சொன்னால் சாளை வாங்கி வந்திருக்கிறாயே என்று என்னைக் காய்ச்சியிருந்தாள்.

எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. இந்த மாதிரி ஆய்வுகளில், சிகிச்சை முடிந்து வருஷங்கள் ஆன பிறகு யாராவது ஒருத்தர் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணி, நோயாளி உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். கேட்க நாக்கு கூசுகிற கேள்வி. அந்த வேலைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். அத்தையைச் சேர்த்தபோது கொடுத்திருந்தது மாமாவின் போன் எண். அந்தப் பெண் அதற்கே கூப்பிட்டிருக்கிறாள். மாமா எடுத்து, "அவளு மரிச்சு" என்று மலையாளத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். என்றைக்கு என்று கேட்டதற்கு, யோசிக்காமல் ஒரு தேதியும் சொல்லியிருக்கிறார். அவர் குழாயடியில் தலை முழுகிய நாள் அது. அவர் மனதறிந்து பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் அத்தை செத்துத்தான் கிடக்கிறாள். இங்கேயும், பிழைத்தவர்களைத் தேடுகிற ஆய்வில், அவர் ஒரு வார்த்தையில் அவளைச் சாகடித்துவிட்டார்.

விடுதிக்குப் போய்ச் சொன்னேன். அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்து, "தேதியெல்லாம் ஞாபகம் வச்சிருக்காரே மனுஷன்" என்றாள். அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அடுத்த நாள் விடுதிக்கு லீவு சொல்லிவிட்டு, நல்ல சேலை கட்டி, மருத்துவமனைக்கு வந்து நின்றாள். டாக்டர் மேடம் அவளைப் பார்த்து எழுந்து நின்றார். அத்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரியைத் திருத்தினார். போன் பண்ணிய பெண் மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ அவளே கொன்றுவிட்ட மாதிரி. அத்தை அவளிடம் போனாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். "என் நம்பர எழுதிக்கோ மோளே" என்றாள். "இனி இதுலதான் கூப்பிடணும். நான் எடுக்கலேன்னா இன்னொரு வாட்டி கூப்பிடு. அப்பவும் எடுக்கலேன்னா இவட்ட கேளு. அந்த வீட்டுல மட்டும் கேக்கப்பிடாது." அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். அத்தை நகரவில்லை. "இப்ப கூப்பிடு" என்றாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையசைத்தார். அவள் எண்களை அழுத்த, அத்தையின் பைக்குள் போன் அடித்தது. அத்தை நிதானமாகப் பையைத் திறந்து, போனை எடுத்துக் காதில் வைத்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு மேசைதான் இருந்தது. "ஒவ்வொரு வீட்டுலயும் என்ன கேப்பியோ, அதக் கேளு" என்றாள். அந்தப் பெண் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு, வேலைக்குச் சேர்ந்தபோது சொல்லிக்கொடுத்தபடியே, ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்று மலையாளத்தில் தொடங்கி, அத்தையின் பெயரைச் சொல்லி, அவர் ஜீவிச்சிருப்புண்டோ என்று கேட்டாள்.

அத்தை போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"உண்டு" என்றாள்.